மட்டக்குதிரை ஏன் ஒருமுறை கனைத்துவிட்டு நிற்கிறது

அந்தக் காலத்தில், மனிதர் பேச்சு குதிரைக்கும் குதிரைப் பேச்சு மனிதருக்கும் புரிந்துகொண்டிருந்தபோது, குதிரைகளில் குட்டை என்று ஒன்று கிடையாது. எல்லாம் நெட்டைதான். மேய்ந்து திரும்பும் மாலையில் அவை தோளோடு தோள் வைத்து வரிசையாக நிற்கும். தோள் சேர்ந்தால் நம் இனம். சேராவிட்டால் வேறு ஏதோ விலங்கு. அவ்வளவுதான் அவற்றின் சட்டம்.

அந்தக் கூட்டத்தில் நெட்டைக்காலி என்று ஒரு பெண்குதிரை இருந்தது. வரிசையில் அதன் இடம் அம்மாவுக்கு இடது பக்கம்.

ஒரு கோடையில் கூட்டம் மலையடிவாரத்துக்கு வந்தது. அங்கே காத்தாயி என்ற உப்புக்காரி தனியாக இருந்தாள். அவளுடைய பொதி எருதுகள் இரண்டும் கோமாரியில் செத்துப்போயிருந்தன. அவள் குதிரைகளிடம் வந்து கும்பிட்டாள்.

"மேலூர்ல உப்பு தீர்ந்து நாப்பது நாளாச்சு சாமி. மாடுங்க சுவத்தை நக்குது. சனங்க எழுந்து நடக்கத் தெம்பில்லாம கிடக்கு. எம் மக அங்கதான் இருக்கா, புள்ளத்தாச்சி. யாராச்சும் ஒருத்தர் முதுகு குடுங்க."

தலைவன் குதிரை மூக்கால் சிரித்தது. "ராசா வந்து கேட்டாலே ரெண்டு நாள் யோசிப்போம். உப்பு மூட்டைக்கா?"

நெட்டைக்காலிக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் போறேன்" என்றது.

"போ. நாலாம் நாள் காலையில தெக்க கிளம்புறோம். அதுக்குள்ள வந்து வரிசையில நில்லு."

இரண்டு மூட்டை உப்பு ஏறியது. முதுகு நெளிந்தது. மறுநாள் உச்சி வெயிலில் இருவரும் ஊசிப்பாறைக்கு வந்தார்கள். இரண்டு பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவே ஒரு பொந்து. உயரம் ஓர் எருதின் உயரம். நீளமோ கூப்பிடு தூரம். மேலூருக்கு வேறு வழி இல்லை.

காத்தாயி பாறையைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"எருதையே ஓட்டிப் பழகினவ நான். உங் காலை நினைக்கவே இல்லையே, ஆத்தா!"

"மூட்டையை இறக்கி இழுத்துட்டுப் போயேன்."

"இறக்கக் கூடாது. ஏத்தின உப்பு, திங்கிறவங்க வாசல்லதான் இறங்கணும். நடுவழியில மண்ணைத் தொட்டா வழி அடைஞ்சு போகும்னு எங்க சட்டம்." அவள் கயிற்றைத் திருப்பிப் பிடித்தாள். "தப்பு என்னோடது. வா, திரும்பலாம்."

ஆனால் அவள் கண் மேலூர்ப் பக்கமே இருந்தது. நெட்டைக்காலி அதைக் கண்டது. அதற்கும் ஒரு சட்டம் இருந்ததால் அவளுடைய சட்டம் புரிந்தது.

அது முன்னங்கால்களை மடித்தது. பின்னங்கால்களையும் மடித்தது. மூட்டையோடு பொந்துக்குள் நுழைந்து, முழங்காலால் நகர்ந்தது. பாறை உப்புத்தாள் போல் சொரசொரத்தது. ஒவ்வொரு முழத்துக்கும் கால் கொஞ்சம் தேய்ந்தது. தேய்ந்த காலின் பலம் எங்கே போகும்? நெஞ்சுக்கும் தொடைக்கும் ஏறியது. பாதி வழியில் மூட்டை கனக்கவே இல்லை.

வெளியே வந்து எழுந்து நின்றது. "ஏன் என்னைப் பள்ளத்துல நிறுத்தியிருக்க?"

"பள்ளம் இல்ல, ஆத்தா" என்றாள் காத்தாயி. கால்தான் தேய்ந்தது, பிடரி தேயவில்லை. நெட்டை உடம்புக்கு வளர்ந்த மயிரெல்லாம் நெற்றியில் சரிந்து கண்ணை மறைத்தது.

மேலூரில் வாசல் வாசலாக உப்பு இறங்கியது. காத்தாயியின் மகள் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் குதிரையைத் தடவிக் கொடுத்தார்கள். அதற்கு நாலாம் நாள் நினைப்பு.

திரும்பும்போது ஊசிப்பாறையில் குனிய வேண்டியிருக்கவில்லை. நடந்தே வந்தது. அப்போதுதான் அதற்குப் பயம் பிடித்தது.

நாலாம் நாள் காலை கூட்டம் வரிசையில் நின்றது. அம்மாவுக்கு இடது பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. நெட்டைக்காலி போய் அந்த இடத்தில் நின்றது. அதன் தோள் அம்மாவின் வயிற்றில் இடித்தது.

"யாருடா இது?" என்றது தலைவன்.

"நான்தான். நெட்டைக்காலி."

ஓர் இளங்குதிரை சிரித்தேவிட்டது. தலைவன் சிரிக்கவில்லை. "குரல் அவ குரல்தான். தோள் சேரலியே."

அம்மா குனிந்து மோந்து பார்த்தது. மறுபடியும் மோந்தது. உப்பு வாடைதான் அடித்தது. பிறகு கூட்டம் நகர்ந்தது. அம்மாவும் நகர்ந்தது.

நெட்டைக்காலி ஒருமுறை கனைத்தது. காதை நிமிர்த்திக்கொண்டு பதிலுக்காக நின்றது. தெற்கே புழுதி எழுந்தது, மெல்ல அடங்கியது. காது மட்டும் தாழவில்லை.

காத்தாயி பின்னால்தான் நின்றாள். "வா" என்று சொல்லவில்லை. கயிற்றைத் தொடவில்லை. இறங்கிப்போன தோளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை நின்றாள். காது தானாகத் தாழ்ந்த பிறகுதான் கேட்டாள்: "போகலாமா, ஆத்தா?"

நெட்டைக்காலியின் வழியில் வந்தவைதான் மட்டக்குதிரைகள். கால் குட்டை, நெஞ்சு அகலம், மயிர் கண்ணை மறைக்கும். நெட்டைக் குதிரை இழுக்காத பாரத்தையும் தலை குனிந்து இழுத்துவிடும். அன்று முதல்தான் உயரமான குதிரை ஒன்று எதிரே கடந்து போனால், மட்டக்குதிரை ஒரே ஒருமுறை கனைத்துவிட்டுக் காதை நிமிர்த்தி நிற்கிறது. நல்ல வண்டிக்காரர் சாட்டையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காது தாழும்வரை காத்திருக்கிறார்.