எல்லாருக்கும் கெட்டிமேளம்

சர்க்கரை ஆலையின் கன்ட்ரோல் ரூமில் ஜெசிந்தாவை எல்லாரும் குரு என்றுதான் சொல்வார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அவரிடம் தொழில் கற்க வந்த அங்கப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். எலக்ட்ரிகல் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். நல்ல மனிதர். யார் எது கேட்டாலும் தலையாட்டிவிடுவார், அதுதான் அவருக்கிருந்த ஒரே வியாதி.

கரும்பு அரவை தொடங்குவதற்குமுன், எந்த அலாரத்துக்கு எந்த நிறம் என்று முடிவு செய்யும் வேலையை குரு அவரிடம் கொடுத்தார். உடனே ஓடவேண்டியதற்குச் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். தெரிந்தால் போதும் என்றால் வெள்ளை. அங்கப்பன் ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டார். சாறு பிரிவுத் தலைவர் தம் தொட்டிகள் எல்லாமே சிவப்பு என்றார். அதைக் கேள்விப்பட்ட மின்பிரிவுத் தலைவர், எங்கள் மோட்டார் என்ன இளக்காரமா என்றார். கடைசியில் ஜெனரல் மேனேஜர் அறையின் ஏசியும் சிவப்பில் வந்து உட்கார்ந்தது.

சோதனை ஓட்டத்தன்று திரை முழுக்கக் குங்குமம் கொட்டியதுபோல் இருந்தது. மணி விடாமல் அடித்தது. ஆபரேட்டர் பூவராகன் சற்று நேரம் பார்த்தார். பிறகு டீயைக் குடித்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலே, மணியை நிறுத்தும் பொத்தானை அமுக்க ஆரம்பித்தார். அப்படி அவர் அணைத்தவற்றில் ஒன்று, பாய்லரில் தண்ணீர் குறைகிறது என்ற அலாரம்.

சோதனை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. அரவை நாளில் அப்படி விட்டால் பாய்லர் வெடிக்கும். அதன் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள்.

அங்கப்பன் நேரே குருவிடம் போனார்.

"சிவப்பைக் குறைக்கணும்னு புரியுது மேடம். ஆனா யாரைக் குறைக்கிறது? ஒவ்வொருத்தரும் பெரிய மனுஷங்க. மஞ்சள்னு சொன்னா முகம் சுண்டிப்போயிடும்."

"நாளன்னைக்கு உங்க பொண்ணு கல்யாணம்தானே அண்ணே?"

"ஆமாங்க மேடம்."

"அதை முதல்ல பாருங்க. அங்கேயே பேசிக்கலாம்."

மண்டபத்தில் குரு வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். அட்சதைத் தட்டு வந்தது. ஒரு பிடி அள்ளிக் கையை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா காரிலிருந்து இறங்கியதும் கெட்டிமேளம் முழங்கியது. சம்பந்தி வீட்டார் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார்கள், அங்கப்பனும் தலையாட்டியிருந்தார். தாலி கட்டுகிறார்கள் என்று நினைத்த ஜனம் எழுந்து நின்று அட்சதையை வீசியது. மேடையில் அப்போது புரோகிதர் மட்டும்தான் இருந்தார். பாவம், தேங்காயும் கையுமாக ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டார்.

இதைப் பார்த்த அங்கப்பனின் மச்சினருக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. தாய்மாமனுக்கு இல்லாத மேளமா என்றார். அவருக்கும் முழங்கியது. பிறகு சாறு பிரிவுத் தலைவருக்கு, அவருக்குச் சளைக்காத மின்பிரிவுத் தலைவருக்கு. ஒவ்வொருவர் வந்தபோதும் குரு எழுந்து, வாங்க வாங்க என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டு, நல்ல இடம் பார்த்து உட்காரவைத்தார். கையை மட்டும் திறக்கவில்லை.

இரண்டாவது மேளத்துக்குப் பாதிப் பேர் எழுந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எழவில்லை. அட்சதையும் தீர்ந்துபோனது.

முகூர்த்த நேரம் நெருங்கியது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் இருந்தார்கள். ஜெனரல் மேனேஜரின் கார் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறதே என்று அங்கப்பன் வாசலுக்கு ஓடினார். அவர் கைகூப்பி நிற்கும்போது உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. அவர் திரும்பவே இல்லை. வந்தவருக்குத்தான் வாசிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

யாரோ அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள். குரு நின்றிருந்தார்.

"அண்ணே, இதுதான் சிவப்பு."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கப்பன் ஓடினார். மேடையை எட்டியபோது நாத்தனார் மூன்றாம் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். வீசுவதற்கு யாரிடமும் ஒரு மணி அட்சதை இல்லை. பெண் நிமிர்ந்து அப்பாவைத் தேடினாள். பின்னாலேயே வந்த குரு, மூடியிருந்த கையைத் திறந்து அத்தனையையும் அவர் உள்ளங்கையில் கொட்டினார். அங்கப்பன் மகளின் தலைமேல் தூவினார். பெண் சிரித்தாள், அவருக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

பந்தியில் குருவுக்குப் பக்கத்து இலை அங்கப்பனுக்குக் கிடைத்தது. எதிர்வரிசையில் ஜெனரல் மேனேஜர் இன்னொரு வடை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். தமக்கு மேளம் வாசிக்கவில்லை என்பதே அவருக்குத் தெரியாது.

அங்கப்பன் குருவின் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்ககிட்ட மட்டும் எப்படி மேடம் அட்சதை மிச்சம் இருந்துச்சு? வந்தவங்க யாரும் கோச்சுக்கலையா?"

குரு பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார்.

"வாய் நிறைய வாங்கன்னு கூப்பிட்டேன் அண்ணே. யாரும் கையைத் திறந்து காட்டுன்னு கேக்கலை."