எலுமிச்சம்பழத்துக்கு இரண்டாவது ஊசி

தென்காசியில் வயதானவர்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவமனை நடத்திவந்தார் டாக்டர் ஜெபக்கனி. அவரிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தவர் டாக்டர் அருணகிரி. குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது அதிகம். சொந்த கிளினிக்கில் ராஜாங்கம் நடத்திய மனிதர். வயதானவர்களின் நோய் மட்டும் தனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறதே என்று நொந்துபோய், வெட்கத்தை விட்டு வந்திருந்தார்.

வந்த அன்றே அவருக்கு ஒரு சந்தேகம்.

“மேடம், நோயாளி ஒருத்தர்தானே? கூட வர்றவங்களுக்கும் அதே மாதிரி நாற்காலியை எதுக்கு உங்க முன்னாடி போடறீங்க? பின்னால ஒரு பெஞ்ச் போட்டா போதாதா?”

“அடுத்தவங்களைக் கூப்பிடுங்க சார்,” என்றார் ஜெபக்கனி. பதில் அவ்வளவுதான்.

உள்ளே வந்தவர்கள் குழல்வாய்மொழியும் அவர் கணவர் திருமலையப்பனும். அந்தம்மாளுக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. சமீபத்தில் மூன்று முறை மயங்கி விழுந்திருந்தார். மூன்று முறையும் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. ஊசி மருந்தின் அளவைக் குறைத்தும் பயனில்லை. கடைசியாக விழுந்தபோது சாயங்காலம் வரை கண் திறக்கவில்லை. இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பாரா?

“நீங்களே விசாரிங்க சார்,” என்றார் ஜெபக்கனி.

திருமலையப்பன் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது. கேட்பதற்கு முன்பே ஒப்பித்தார்.

“காலையில எந்திரிச்சதும் ஊசி. நான்தான் போடுதேன். கையோட இட்லி வச்சுக் குடுத்துருவேன். ஒரு நாள் தவறினதில்ல சார். சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்காதவன் நான்.”

இப்படிப்பட்ட கணவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் டாக்டர்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார் அருணகிரி.

“கையை நீட்டுங்கம்மா.”

அந்தம்மாள் நீட்டினார். ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. கையை நீட்டியபோது முந்தானை விலகி, முடிச்சில் கட்டியிருந்த கருப்பட்டித் துண்டு எட்டிப்பார்த்தது.

“சர்க்கரை வியாதியை வச்சுக்கிட்டுக் கருப்பட்டியா? பச்சப்புள்ளையாம்மா நீங்க?”

அந்தம்மாள் தலையைக் குனிந்து முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

அருணகிரி குருவின் பக்கம் திரும்பினார். “மருந்து போடறதுல குறையே இல்ல மேடம். கணையத்துல கட்டி இருந்தாலும் இப்படி இறங்கும். ஸ்கேன் எடுத்துடலாம்.”

கட்டி என்றதும் திருமலையப்பன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஜெபக்கனி ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதில் ஓர் எலுமிச்சம்பழம், இன்சுலின் ஊசி, பஞ்சு, சின்னக் குப்பியில் தண்ணீர். வீட்டில் ஊசி போடுகிறவர் யாராக இருந்தாலும் அங்கே ஒரு முறை பழத்துக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அது அந்த இடத்து வழக்கம்.

திருமலையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழத்தைப் பஞ்சால் துடைத்தார். அளவு பார்த்துத் தண்ணீரை இழுத்தார். சுண்டிக் குமிழியைப் போக்கினார். செங்குத்தாக இறக்கி, நிதானமாக எடுத்தார். நர்ஸுகளுக்கே பாடம் எடுக்கலாம் போலிருந்தது.

“அருமை சார்,” என்ற ஜெபக்கனி பேச்சை மாற்றினார். “செங்கோட்டை லைன்ல ஓடியிருக்கீங்களா?”

கேட்க வேண்டுமா! மலைப்பாதை, குகை, மழையில் சரிந்த மண் என்று வண்டி கிளம்பிவிட்டது. வெளியே நோயாளிகள் காத்திருக்க இதென்ன அரட்டை என்று அருணகிரிக்குப் பொறுக்கவில்லை.

கதை முடிந்தது. திருமலையப்பனின் கண் தட்டில் விழுந்தது.

“பேசிக்கிட்டே இருந்துட்டேன் பாருங்க. ஊசி போட்டுக் காட்டச் சொன்னியள்லா?”

பழத்தைத் துடைத்தார். தண்ணீரை இழுத்தார். குமிழியைச் சுண்டினார். அதே நிதானம். பழம் லேசாக உருண்டது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு அதை அசையாமல் பிடித்துக்கொண்டது.

குழல்வாய்மொழியின் கை.

ஊசி இரண்டாவது முறையாகப் பழத்துக்குள் இறங்கியது.

ஜெபக்கனி நர்ஸை அழைத்து, எடை பார்த்து வரத் திருமலையப்பனை அவளோடு அனுப்பினார். கதவு சாத்தியதும் அந்தம்மாள் கைகூப்பினார்.

“அவியகிட்டச் சொல்லிராதிய டாக்டரம்மா.”

“எப்ப இருந்தும்மா?”

“தை மாசத்துல இருந்து. தினமும் இல்ல. ரெண்டாவது ஊசி போட்ட அன்னைக்குக் கருப்பட்டியக் கடிச்சுக்கிடுவேன். மூணு தடவை அது பத்தாமப் போச்சு.”

“போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“ஒரு மெமோ வாங்காத மனுசன். மறந்துட்டியன்னு எப்படிச் சொல்லுவேன்? அதோட, பிள்ளையளுக்குத் தெரிஞ்சா மகன் அவியளப் பூனாவுக்குக் கூட்டிட்டுப் போயிருவான், மக என்னைய மதுரைக்கு. பொங்கலுக்கே அந்தப் பேச்சு வந்துச்சு. இந்த வயசுல ஆளுக்கொரு ஊர்ல கெடக்கதுக்கு ஊசியே தேவல.”

“இதை மூடி வைக்க முடியாதும்மா. அடுத்த மயக்கத்துல உங்க உயிர் போயிடும். நான் சொன்னா அவர் ஒடிஞ்சு போயிடுவார். நீங்க சொன்னாத் தாங்கிக்குவார்.”

திருமலையப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். ஊசியை எடுத்தார்.

அருணகிரி பதறி வாயைத் திறந்தார். ஜெபக்கனி அவர் மணிக்கட்டை அழுத்தினார்.

துடைத்தாயிற்று. இழுத்தாயிற்று. சுண்டியாயிற்று. பழம் உருண்டது. மனைவியின் கை வரட்டும் என்று திருமலையப்பன் காத்திருந்தார். கை வரவில்லை. இரண்டும் மடியில் கோத்துக் கிடந்தன.

“பிடி,” என்றார்.

“போட்டாச்சு.”

“என்னது?”

“போட்டாச்சுங்க. ரெண்டு தடவை போட்டாச்சு.”

அவர் பழத்தைத் திருப்பிப் பார்த்தார். தோலில் இரண்டு இடத்தில் ஈரம் கசிந்திருந்தது. ஊசியைக் கீழே வைத்தார்.

“வீட்லயுமா?”

அந்தம்மாள் முந்தானை முடிச்சைத் தொட்டுக்கொண்டார்.

“கருப்பட்டி சீக்கிரம் தீந்து போகுதேன்னு உன்னைய ஏசினேனே,” என்றார் திருமலையப்பன். ஊசியை மனைவியின் பக்கம் தள்ளினார். “வண்டியில இப்படிச் செஞ்சிருந்தா அன்னைக்கே என் கொடியை வாங்கி வச்சிருப்பாவ.”

“நாளையிலிருந்து எங்க நர்ஸ் வீட்டுக்கு வந்து ஊசி போடுவாங்க,” என்றார் ஜெபக்கனி. “அடுத்த வாரம் உங்க ஞாபகத்தைச் சோதிக்கணும் சார். அம்மா கூட வரட்டும். பிள்ளைகள்கிட்ட நான் பேசறேன். உங்க ரெண்டு பேரையும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்றேன்.”

“கேப்பாவளா?” என்றார் குழல்வாய்மொழி.

“தெரியாதும்மா. பேசிப் பார்ப்போம்.”

அவர்கள் போன பிறகும் அருணகிரி அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால் அது முடிவதற்குள் இன்னும் எத்தனை ஊசி இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடவே பயமாக இருந்தது.

“மேடம், ரெண்டாவது ஊசின்னு அந்தம்மாவுக்குத் தெரியும். உயிருக்கு ஆபத்துன்னும் தெரியும். எப்படி ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கிட்டாங்க?”

“நீங்க அந்தம்மாகிட்ட என்ன கேட்டீங்க சார்?”

அருணகிரி யோசித்தார். கேட்டதெல்லாம் கணவரிடம்.

“கையை நீட்டச் சொன்னேன்.”

“நீட்டினாங்களா?”

“நீட்டினாங்க.”

“வீட்லயும் அப்படித்தான் சார்.”