அம்மா வந்திருக்கா

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் மேலே படிக்கலாம். தெரியாதவர்கள் படித்துவிட்டுச் சண்டை போடலாம். ஒரே ஒரு நிபந்தனை. யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதைக் காதில் வாங்கிக்கொண்டே வர வேண்டும்.

முதலில் ஆட்கள். அம்மா ஜெயசுதா. மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் கீமோ போட்டுக்கொண்டு, அங்கேயே ராஜி சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். அப்பா தங்கப்பாண்டி, அருப்புக்கோட்டையில் எங்களை வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர். தம்பி இனியன், ஒண்ணாம் வகுப்பு. அப்பாவைப் பெற்றவள் இருப்பது கோயம்புத்தூரில், பெரியப்பா வீட்டில். எங்களுக்கு அவள் அப்பத்தா, அப்பாவுக்கு ஆத்தா, அம்மாவுக்கு அத்தை. கடைசியாக நான், ஓவியா, பத்தாம் வகுப்பு. எனக்கு எல்லார் குரலும் வரும். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கைப் பிடித்து, "பிள்ளைகளா, மழை வருது, கிளம்புங்க" என்று சுள்ளென்ற வெயிலில் பாதிப் பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு அனுப்பியவள் நான்தான்.

கீமோ போட்டால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். போன தடவை இனியனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் அம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். "தள்ளி நில்லு" என்று எல்லாரும் கத்தக் கத்த, அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல், ஐசியூ. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா நின்ற நிற்பை மட்டும் நான் இதுவரை மிமிக்ரி பண்ணியதில்லை.

இந்தத் தடவை இனியன் முதுகில் கொப்புளம். டாக்டர் பார்த்து, சின்னம்மை என்று மருந்து கொடுத்தார். "இவங்கம்மா கிட்டயே வரக் கூடாது. கீமோ உடம்பு, தாங்காது" என்று இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுப் பத்மாக்கா வாசலில் வேப்பிலை செருகி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்: "தங்கப்பாண்டி வீட்டுக்கு அம்மா வந்திருக்கா! யாரும் உள்ள போகாதீங்க!"

படுத்திருந்தவன் காய்ச்சலோடு எழுந்து வாசலுக்கு ஓடினான். "எங்க? அம்மா எங்க?"

அவனைத் திரும்பப் பாயில் படுக்க வைப்பதற்குள் போன் அடித்தது. அம்மாதான். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, பையை எடுத்து வச்சுட்டேன். சாயங்காலம் அங்க இருப்பேன். பிள்ளைங்களப் பாக்காம முடியல."

வாய்ப்புண்ணோடு பேசுகிற குரல். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

அம்மை என்று சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வருவாள். சொல்லாவிட்டால் சாயங்காலப் பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்கோ பொய் சொல்ல வராது.

"இப்ப வேணாம் ஜெயா."

"ஏன்?"

"வந்து... வீட்டுக்கு அம்மா வந்திருக்கா."

அந்தப் பக்கம் சித்தி வீட்டு மிக்ஸி ஓடி, நின்றது.

"அத்தையா வந்திருக்காங்க?" என்றாள் அம்மா. "போனை அவங்ககிட்டக் குடுங்க."

அப்பா கையிலிருந்து நான் போனைப் பிடுங்கினேன். தொண்டையைச் செருமினேன். பல்செட்டைக் கழற்றி வைத்த அப்பத்தாவாக மாறினேன்.

"ஏத்தா செயசுதா! வேகாத வெயில்ல நீ எதுக்குத்தா அலையுற? நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?"

"பிள்ளைங்க சாப்பிட்டாங்களா அத்தை?"

"அதெல்லாம் வக்கணையாத் தின்னுதுக."

"இனியன்?"

"அவனுக்கென்ன, ராசா மாதிரி..." அந்த நேரம் பார்த்து உள்ளே இனியன் வீறிட்டு அழுதான். எனக்கு அப்பத்தா ஒரு நொடி நழுவிப் போய், திரும்பி வந்தாள். "இந்தா, குளிக்கக் கூப்பிட்டேன், அதுக்கு அழுவுறான்!"

அழுகை ஓய்கிற வரைக்கும் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். போனைக் கையால் பொத்திவிடலாம் என்று நினைத்தேன். கை எழவில்லை.

"சரி அத்தை. நான் வரல. நீங்க இருக்கீங்களே, அது போதும். இனியனுக்கு மட்டும் நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க. மறந்துடாதீங்க."

போனை வைத்துவிட்டாள். நான் அங்கேயே ஒரு ஆட்டம் போட்டேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் அவகிட்டப் பொய் சொல்லலியே, ஓவியா. அம்மாதானே வந்திருக்கா" என்றார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லியே ஒரு தாயைப் பிள்ளையிடமிருந்து தள்ளி வைத்தார் அப்பா. பச்சைப் பொய் சொல்லித் தள்ளி வைத்தேன் நான். இரண்டையும் நம்பி, எடுத்து வைத்த பையைப் பிரித்தாள் அம்மா. மூன்று பேரில் சரியாக நடந்துகொண்டவர் யார்?

விடை: நம்பி என்று எழுதினேன் பாருங்கள், அங்கேதான் உங்களைக் கவிழ்த்தேன். அப்பா தன்னைப் பெற்றவளை ஆத்தா என்பாரே தவிர, அம்மா என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்ததுமே வந்திருப்பது எந்த அம்மா என்று ஜெயசுதாவுக்குத் தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் இனியனுக்கு மட்டும் எதற்கு நகம் வெட்ட வேண்டும்? கொப்புளத்தைச் சொறிந்துவிடக் கூடாது என்றுதான். அப்பாவும் நானும் இன்னொருத்தியைத் தடுத்தோம். அவளோ, மகன் அழுவதைக் கேட்டுக்கொண்டே தன்னைத் தடுத்துக்கொண்டாள். நாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளட்டும் என்றும் விட்டுவிட்டாள். என் ஓட்டு அவளுக்குத்தான். சாட்சி கேட்பீர்களே! கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்து, டாக்டரும் சரி என்று சொல்லி, இனியனுக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு மறுபடியும் அப்பத்தா குரலில் போன் போட்டேன். "ஏத்தா, இனிமே நீ வரலாம்த்தா."

அம்மா சொன்னாள்: "சரிடி, வர்றேன்."