சீரில் வராத வண்டு

ஏரிக்கென்று ஒரு காவல் தெய்வமும், அந்தத் தெய்வத்தை நம்பாமல் ஒரு காவல்காரனும் இருந்த காலம் அது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. வழிப்போக்கர்கள் ஏரித் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்து போன காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை குளிர்கிறது.

அப்போது பொன்மடை நாட்டைப் பரிதிவளவன் என்ற அரசன் ஆண்டுகொண்டிருந்தான். அவனுக்குக் கடல் கடந்த ஆற்று நாட்டில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் பெயர் கொற்றவல்லி. கப்பல் நிறையச் சீர் வந்தது. பட்டு வந்தது, சந்தனம் வந்தது, ஒரு மண்தொட்டித் தண்ணீரில் மிதந்தபடி ஒரு செடியும் வந்தது.

அது அவள் பிறந்த ஊர் ஆற்றில் மிதக்கிற செடி. ஊதா நிறத்தில் கொத்தாகப் பூக்கும். "எங்கள் நினைப்பு வந்தால் இதைப் பார்த்துக்கொள்" என்று சொல்லித் தாய் கொடுத்தனுப்பியது.

ஆற்று நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சீர்ப் பொருளில் பழுது இருக்கக் கூடாது. பட்டில் ஓர் இழை பிரிந்திருக்கக் கூடாது, பழத்தில் ஒரு கீறல் இருக்கக் கூடாது, செடியில் ஒரு பூச்சி இருக்கக் கூடாது. இருந்தால் புகுந்த வீட்டார் ஏளனம் செய்வார்களாம். அதனால் கொற்றவல்லியே தோழிகளோடு படித்துறையில் உட்கார்ந்து, இலை இலையாகப் புரட்டி, சின்னஞ்சிறு கூன்வண்டுகளைப் பொறுக்கி ஆற்றில் விட்டாள். வண்டு கடித்த தண்டையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டு, மாசில்லாத இளங்குருத்தை மட்டும் தொட்டியில் வைத்தாள்.

பொன்மடைக்கு வந்ததும் அந்தக் குருத்தை அரண்மனைக்குக் கீழே இருந்த பெரிய ஏரியில் மிதக்கவிட்டாள். தினமும் மாலையில் போய்ப் பார்ப்பாள். முதல் பூ பூத்த அன்று அழுதாள். பாவம், சின்னப் பெண்தானே! அம்மா சமைக்கும் மீன்குழம்பு, அப்பாவின் படகு, ஆற்று நீரின் வாசனை எல்லாம் அவளுக்கு அந்த ஒரு பூவில் இருந்தன.

ஒரு பூ பத்தானது. பத்து நூறானது. பிறகு எண்ணுகிற வேலையை எல்லோரும் விட்டுவிட்டார்கள். சில வருடங்களில் கரையிலிருந்து கரைவரை பச்சைப் பாய் விரித்ததுபோல் ஏரி மூடிக்கொண்டது. தண்ணீர் கண்ணில் படவே இல்லை. அடியில் வெளிச்சம் போகாமல் நீர் நாறத் தொடங்கியது.

அரசன் ஆட்களை இறக்கிச் செடியைப் பிடுங்கச் சொன்னான். பிடுங்கிய இடத்தில் அடுத்த மாதமே மீண்டும் மூடிக்கொண்டது. யானைகளை இறக்கி மிதிக்கச் சொன்னான். துண்டான ஒவ்வொரு தண்டும் தனிச் செடியாகத் தழைத்தது. மூன்றாவதாக அரசனுக்குக் கோபம் வந்தது. "சூளைச் சுண்ணாம்பை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து ஏரியில் கொட்டுங்கள்" என்றான். கோபத்தில் பிறக்கும் யோசனை வேறெப்படி இருக்கும்?

அந்தச் செய்தி ஏரிக்கரை மீனவக் குடிகளுக்கு எட்டியது. பரிசல் ஓட்டும் காத்தாயி நேராக அரண்மனைக்கு வந்தாள். ஈரம் சொட்டும் ஒரு செடியை ராணியின் முன்னால் போட்டாள்.

"தாயி, வலை வீச இடமில்ல. பரிசல் நவுர மாட்டேங்குது. மீனு மூச்சுமுட்டிச் சாவுது. மிச்சம் இருக்கறதையும் சுண்ணாம்பக் கொட்டிச் சாவடிச்சா, புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு நாங்க எந்த ஊருக்குப் போவோம்? பூவு உங்களுது. வழியும் நீங்கதான் சொல்லணும்."

கொற்றவல்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் ஆசைக்கு ஓர் ஊரே குடிபெயர்வதா? குனிந்து செடியைக் கையில் எடுத்தாள். இலை பளபளவென்று கொழுத்திருந்தது. அவள் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கள் ஊரில் இப்படி ஓர் இலையை நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

"எப்படி, தாயி?"

"இவ்வளவு முழுதாக."

அவள் ஊர் ஆற்றில் எந்த இலையும் முழுதாக இருந்ததில்லை. எல்லாவற்றிலும் அம்மைத் தழும்புபோல வண்டு கடித்த வடு இருக்கும். அங்கே இந்தச் செடி ஆற்றோரமாய் ஒதுங்கி, இருக்கிற இடம் தெரியாமல் பூத்துக்கொண்டிருந்தது. படகுக்கு வழிமறித்ததே இல்லை. அது ஏன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் சபையில் சொன்னாள்: "குற்றம் என்னுடையது, அரசே. குதிரையைக் கொண்டுவந்தேன், கடிவாளத்தை அங்கேயே விட்டுவிட்டேன். கப்பல் கொடுங்கள், அந்த வண்டுகளைக் கொண்டுவரச் சொல்கிறேன்."

மூத்த அமைச்சர் சிரித்துவிட்டார். "செடி வந்த அழகு போதாதா, தாயே? இன்றைக்கு வண்டு. நாளைக்கு அது நெல்லைத் தின்றால், வண்டைத் தின்ன என்ன கொண்டுவருவீர்கள்?"

சபை சிரித்தது. கொற்றவல்லி சிரிக்கவில்லை. "அமைச்சர் கேட்பது நியாயம்தான். ஒருமுறை யோசிக்காமல் கொண்டுவந்தேன். இந்த முறை சோதிக்காமல் ஏரியில் விடமாட்டேன். நெல்லில் வாய் வைத்தால், அத்தனை வண்டையும் நானே கொதிநீரில் போடுகிறேன்" என்றாள்.

அரசன் சுண்ணாம்பை நிறுத்திவைத்துக் கப்பல் கொடுத்தான். கப்பல் போயிற்று, வண்டுகளோடு வந்தது. மெல்லிய துணியால் கூண்டுகள் கட்டினார்கள். ஒன்றில் நெல் நாற்று, ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் தாமரை. ஒவ்வொன்றிலும் சில வண்டுகளை விட்டார்கள். அவை நெல்லில் ஏறி இறங்கின. வெற்றிலையில் ஏறி இறங்கின. தாமரை இலையில் நடந்து பார்த்துவிட்டு ஓரமாய் ஒதுங்கின. பட்டினி கிடந்து செத்தனவே தவிர, ஒன்றும் வாய் வைக்கவில்லை. நான்காவது கூண்டில் ஏரிச் செடி இருந்தது. அங்கே மட்டும் பந்தி நடந்தது. அமைச்சர் தினமும் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு ஏரியில் விடச் சம்மதித்தார்.

விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மாதங்கள் போயின. ஏரி பச்சையாகவே இருந்தது. ஊரார் அதற்கு 'ராணி வண்டு' என்று பெயர் வைத்துக் கேலி பேசினார்கள். மீனவக் குடிகள் பானை சட்டியை மூட்டை கட்டத் தொடங்கின. அரசனும் பொறுமை இழந்தான். ஒருநாள் சுண்ணாம்பு வண்டிகளோடு அவனே ஏரிக்கரைக்கு வந்து நின்றுவிட்டான்.

கொற்றவல்லி பட்டுப்புடவை நனைய இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். ஒரு செடியைப் பறித்து, தண்டை நகத்தால் பிளந்து அரசனிடம் நீட்டினாள். உள்ளே வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது.

"வெளியே பச்சை, உள்ளே ஓட்டை. இது வண்டின் குஞ்சு. சுண்ணாம்பைக் கொட்டினால் முதலில் சாவது இதுதான், அடுத்தது மீன். செடி மறுபடி முளைக்கும். இந்த மழைக்காலம்வரை பொறுங்கள், அரசே. அதற்குப் பிறகும் ஏரி மூடியிருந்தால் நான் தடுக்கமாட்டேன்."

அரசன், கரையில் மீனவக் குடிகளோடு நின்ற காத்தாயியைப் பார்த்தான். அவள், "இத்தனை நாளு பொறுத்துட்டோம். இன்னும் ஒரு மழை பொறுக்க மாட்டமா?" என்றாள். வண்டிகள் திரும்பிப் போயின.

மழைக்கு முன்பே இலைகள் பழுத்தன. ஓட்டை விழுந்த தண்டுகளில் தண்ணீர் ஏறியது. மிதந்த செடிகள் கனத்தன, சாய்ந்தன, மூழ்கின. மழை முடிந்த ஒரு காலையில் காத்தாயியின் பரிசல் தடங்கலில்லாமல் ஏரியின் நடுவுக்குப் போயிற்று. கரையில் நின்ற மீனவக் குடிகள் கத்திய கத்தல் அரண்மனைக்குக் கேட்டது. மூட்டைகளை அவிழ்க்கப் பெண்கள் ஓடினார்கள்.

காத்தாயி ராணியைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாள். ஏரி முழுதும் வானம் கிடந்தது. கரையோரத்தில் மட்டும் வடு விழுந்த இலைகளோடு கொஞ்சம் ஊதாப் பூக்கள் இருந்தன. கொற்றவல்லியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பூவெல்லாம் போச்சேன்னு அழுவுறீங்களா, தாயி?"

"இல்லை, காத்தாயி. ஏரி நிறையப் பூத்திருந்தபோது ஒருநாளும் இது எங்கள் ஊர் மாதிரி இல்லை. இன்றைக்குத்தான் எங்கள் ஆறு மாதிரியே இருக்கிறது."

ஆகையால் கேட்டவர்களே, ஆசைப்பட்டு ஒன்றை இடம்பெயர்க்கிறவர், அதை அளவோடு வைத்திருந்தது எது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.