நிபுணர் கருத்து

ஓய்வு பெற்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியை பூரணியைத் தேடி அவருடைய மாணவன் தங்கதுரை வந்தான். மாணவன் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். ஆளுக்கு நாற்பத்தைந்து வயது, சொந்த ஆஸ்பத்திரி, ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயருக்குத்தான் இப்போது ஆபத்து.

அவனிடம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட செண்பகம், மறுநாளே வயிறு வீங்கி வலியில் துடித்தாள். நர்ஸ் போன் செய்தபோது அவன் வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான். வாயுத் தொல்லைதான், ஊசி போடு என்றான். அடுத்த நாளும் போன் வந்தது. ஊருக்குத் திரும்பியிருந்தும், நேரில் போய்ப் பார்க்காமல் அதே பதிலைச் சொன்னான். அதற்கடுத்த நாள் செண்பகம் செத்துப்போனாள். குடலில் கத்தி பட்டு ஓட்டை விழுந்திருந்தது.

அவள் கணவன் மாடசாமி லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். போலீசுக்குப் போனான், தப்பு என்று ஒரு டாக்டர் சொன்னால்தான் மேலே நகர முடியும் என்றார்கள். மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் எழுதினான், பதில் வரவில்லை. நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டான்; எதிர்த் தரப்பு வக்கீல், நிபுணர் கருத்து எங்கே என்று கேட்டார். மனுஷன் டாக்டர்கள் வீடெல்லாம் ஏறி இறங்கினான். ஆபரேஷனுக்கு முன்னால் கழுவுவதைப் போலவே எல்லாரும் சுத்தமாகக் கைகழுவிவிட்டார்கள்.

கடைசியில் பூரணியிடம் வந்தான். தனக்கு மருத்துவம் தெரியாது, நடந்தது தப்பா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும் என்றான். எழுதித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். அது காதில் விழுந்துதான் தங்கதுரை ஓடி வந்திருந்தான்.

அவன் சுற்றி வளைக்கவில்லை.

"ஓட்டை விழறது யார் கையிலயும் நடக்கும் மேடம். நீங்களே வகுப்புல சொல்லியிருக்கீங்க."

"ஆமா, சொன்னேன்."

"அதை மட்டும் எழுதுங்க. போதும்."

பூரணி எழுந்தார். வீட்டில் நோயாளிகளைப் பார்க்கப் போட்டிருந்த பெஞ்சுக்குப் போய் மல்லாந்து படுத்தார்.

"துரை, நேத்துல இருந்து வயிறு வலிக்குது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் பக்கத்தில் நின்றான். வழக்கைப் பற்றிய நினைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்டான். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வயிற்றில் வைத்தான். மெல்ல அழுத்தினான். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவேயில்லை. பிறகு சட்டென்று கையை எடுத்து, அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்தான். எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தபடியே இருந்தது.

"வயிறு மெத்துன்னுதான் இருக்கு மேடம். ஒண்ணும் தெரியலையே."

"ஒண்ணும் இல்லை," என்று பூரணி எழுந்து உட்கார்ந்தார். "வாயுன்னு அந்த நாற்காலியிலிருந்தே சொல்லியிருக்கலாமே. ஏன் எழுந்து வந்தே?"

அவன் முகம் செத்துவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செண்பகத்துக்காகவா, ஆஸ்பத்திரிக்காகவா என்று அவனுக்கே விளங்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க எழுதினா நான் அழிஞ்சேன் மேடம். எனக்குக் கத்தி பிடிக்கக் கத்துக் கொடுத்தவங்க நீங்க. வேற யாராவது எழுதட்டுமே."

பூரணி அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"வேற யாராவது எழுதினா, பாவம், தெரியாம செஞ்சுட்டான்னு எழுதிடுவாங்க துரை. உனக்குத் தெரியும்கறதுக்கு நான்தானே சாட்சி."