ஒரு மடக்குக்கு ஒரு மகாராணி

ஒரு காட்டில் இரண்டு வருடமாக மழை இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. அதன் கரையில் ஒரு பெண்புலி வந்து படுத்துக்கொண்டது.

"என்னை 'மகாராணி' என்று கும்பிட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். ஒரு மடக்குக்கு ஒரு மகாராணி!" என்றது.

மானும் முயலும் மறுக்காமல் கும்பிட்டன. முள்ளம்பன்றிக்கு மட்டும் முட்கள் சிலிர்த்தன. பேரம் பேசாமல் ஒரு கிழங்குகூட வாங்காத பிராணி அது!

"அநியாயமா இருக்கே! மூணு மடக்குக்கு ஒரு மகாராணின்னு வச்சுக்குவோம்."

"ரெண்டு. இஷ்டமிருந்தா குடி, இல்லாட்டி நடையைக் கட்டு!" என்று புலி உறுமியது.

முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு, "மகாராணி" என்றது.

"அப்பா, மகாராணின்னா என்ன?" என்று அதன் மகள் கேட்டது.

"தண்ணிக்குக் கொடுக்கிற விலை. பேசாம குடி."

பத்தே நாளில் குட்டை சேறானது. பிறகு சேறும் வெடித்தது.

"மகாராணி, இனி என்ன வழி?" என்று விலங்குகள் கேட்டன.

"அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்?" என்று புலி எழுந்து போய்விட்டது.

முள்ளம்பன்றியின் மகளுக்கு நாக்கு வறண்டு கால் தள்ளாடியது. அதை மூக்கால் தள்ளித் தள்ளி நடத்திக்கொண்டு முள்ளம்பன்றி வறண்ட ஆற்றுக்கு வந்தது.

அங்கே யானைக் கூட்டத்தின் தலைவி, காது கிழிந்த ஒரு பெண்யானை, மணலை மோந்து பார்த்துக்கொண்டே நடந்தது. ஓரிடத்தில் நின்று முன்காலால் குழி பறித்தது. குழியில் மெல்ல நீர் ஊறியது. தன் குட்டிகள் குடித்ததும் அது விலகி வழிவிட்டது.

"அக்கா, முதல்லயே பேசிடுவோம். ஒரு மடக்குக்கு எத்தனை மகாராணி?" என்றது முள்ளம்பன்றி.

"பிள்ளை துவண்டு கிடக்கு, உனக்குப் பேரமா? முதல்ல அதைக் குடிக்க விடு!"

மகள் வயிறு முட்டக் குடித்துத் தலை நிமிர்ந்தது.

அப்போது நாக்கு தொங்க அந்தப் புலியும் வந்தது. முள்ளம்பன்றி முட்களை விரித்துக் குறுக்கே நின்றது.

"வாங்க மகாராணி! இங்கே மடக்குக்கு நூறு கும்பிடு!"

பெண்யானை முள்ளம்பன்றியின்மேல் மணலை வாரி வீசியது. "தள்ளு! தாகத்தோட வந்தவளை மறிக்காதே. நீ குடி தாயி. ஆனா குட்டிங்க பக்கம் திரும்பக் கூடாது, ஆமா!"

புலி தலை குனிந்து குடித்தது.

"அப்பா, நாம விலை கொடுக்கலையே!" என்றது மகள்.

முள்ளம்பன்றி மகளிடம், "அன்னிக்கு உனக்குத் தப்பா சொல்லிட்டேன்மா" என்றது.

பிறகு முட்களைப் படியவிட்டு, யானையின் காலடியில் தலை வைத்து, "மகாராணி!" என்றது. பேரம் பேசாமல் அந்த வார்த்தையை அது சொன்னது அதுதான் முதல் முறை. பின்னாலேயே வந்து குடித்த மானும் முயலும் சொல்லின. நீர் சொட்டும் வாயோடு புலியும் சொன்னது.

பெண்யானை காதில் வாங்கவே இல்லை. அது அடுத்த குழியைப் பறித்துக்கொண்டிருந்தது.

நீதி: காப்பாற்றுகிறவளே ராணி, அந்தப் பெயரை அதட்டி வாங்க முடியாது, நன்றிதான் கொடுக்கும்.