மூன்றாவது தோள்

குருவுக்கு முப்பத்து நாலு வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. சீடரின் எரிச்சலில் பாதி இதிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதி, குரு எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாததில் வந்தது.

சீடர் பெயர் சிங்கப்பெருமாள். ஊர்ப் பெருமாள் கோயிலில் சுவாமி தூக்கும் குடும்பம். வாகனத்தைத் தாங்கும் முன்தண்டில், வலது பக்கம், மூன்றாவது தோள் அவர்கள் வீட்டுத் தோள். தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், பிறகு இவர் தூக்கினார். நாற்பத்து நாலு வயதில் மாமனாரின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்ள நாற்காலியில் உட்கார்ந்தவர், பதினெட்டு வருஷம் எழுந்திருக்கவே இல்லை. தோள் தம்பிக்குப் போனது. இந்தத் தை மாதம் தம்பிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வைகாசியில் கருட சேவை. அதற்குள் வீட்டிலிருந்து ஓர் ஆள் தண்டுக்கு வராவிட்டால் மூன்றாவது தோள் வேறு வீட்டுக்குப் போய்விடும். கோயில் வழக்கம் அது. தம்பிக்குப் பிள்ளை கிடையாது. இவருக்கு ஒரே பெண், கட்டிக்கொடுத்து துபாயில் இருக்கிறாள்.

ஆக, நூற்று மூன்று கிலோவையும் சுமந்துகொண்டு சிங்கப்பெருமாள் எஸ்தர் மாஸ்டரின் ஜிம்முக்கு மாடிப்படி ஏறினார். இருபத்திரண்டு படி. ஏறி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஏம்மா, எத்தனை கிலோவிலேர்ந்து ஆரம்பிக்கணும்?”

மாஸ்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

“எழுந்திருங்க.”

கைப்பிடியை அழுத்தி எழுந்தார்.

“கையை வைக்காம.”

இதென்ன பிரமாதம் என்று கையைக் கட்டிக்கொண்டு எழப் பார்த்தார். அரையடி எழும்பினார். பொத்தென்று திரும்பவும் நாற்காலியிலேயே விழுந்தார்.

“இதிலேர்ந்து ஆரம்பிக்கலாங்க ஐயா,” என்றார் மாஸ்டர்.

மூன்று வாரம் இதுதான் நடந்தது. உட்கார், எழுந்திரு. உட்காரும்போது ஐந்து எண்ணி மெதுவாக உட்கார வேண்டும். பக்கத்தில் பையன்கள் மலை மலையாக இரும்பைத் தூக்கிக் கீழே போட்டுக்கொண்டிருக்க, சிங்கப்பெருமாள் ஒன்று, இரண்டு என்று எண்ணி உட்கார்ந்துகொண்டிருந்தார். மானம் போயிற்று.

“பெருமாளையே தூக்கின தோள்டி இது,” என்று வீட்டில் வந்து கத்தினார். “அந்தப் பொண்ணு என்னை நாற்காலியில உட்காரவெச்சு எழுப்பிட்டிருக்கு!”

“இத்தனை வருஷமா உட்கார மட்டும்தானே செஞ்சீங்க,” என்றாள் மனைவி செங்கமலம். “எழுப்பிவிடவாவது ஓர் ஆள் கிடைச்சுதே, சந்தோஷப்படுங்க.”

அவருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அதுவே ஒரு யோசனையாகிவிட்டது. சாப்பிட்டால்தானே எடை? ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். காலையில் கொள்ளுக் கஞ்சி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, அவ்வளவுதான். கோயில் புளியோதரையைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பன்னிரண்டே நாளில் ஆறு கிலோ இறங்கிவிட்டது. எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் மாடிப்படி ஏறினார்.

“ஆறு கிலோ போச்சு, பார்த்தியாம்மா?”

“எது போச்சுங்க?”

“என்னது, எதுவா? எடைம்மா, எடை!”

மாஸ்டர் கைக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குண்டைக் கொடுத்து, பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். போன வாரம் நாற்பது எண்ணும்வரை நின்றவர். இன்றைக்கு இருபத்திரண்டிலேயே விரல்கள் தானாகத் திறந்துகொண்டன. குண்டு இரண்டும் ரப்பர் தரையில் விழுந்து உருண்டன.

“ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்ல.”

“நாளைக்குச் சாப்பிட்டுட்டு வாங்க.”

“குறைக்க வந்தவனைச் சாப்பிடச் சொல்றியே, இது எந்த ஊர் நியாயம்?”

மாஸ்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சுண்டல், பாசிப்பயறு, பன்னீர், தயிர். சோறு பாதி. செங்கமலம் அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சிங்கப்பெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சாப்பிட்டார். வேறு வழி?

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பங்குனியில் அவர் கைப்பிடி இல்லாமல் எழுந்தார். சித்திரையில் இருபத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறினார். மாஸ்டர் தோளில் இரும்புக் கம்பியை ஏற்றி, இரண்டு பக்கமும் எடை மாட்டி, உட்கார்ந்து எழச் சொன்னார். முப்பது, நாற்பது, ஐம்பது கிலோ என்று ஏறியது. உடம்பு தொண்ணூற்று நாலுக்கு இறங்கியது. வேட்டியை இடுப்பில் இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. சிங்கப்பெருமாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போய் அதை எப்படி ஒப்புக்கொள்வது என்பதுதான் ஒரே எரிச்சல்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சுவாமி தூக்குகிறவர்களுக்குப் பக்கத்தில் மாற்று ஆட்கள் நடந்து வருவார்கள். தூக்குகிறவனுக்கு முடியாமல் போனால் “தோள்!” என்று ஒரு குரல் கொடுப்பான். மாற்று ஆள் உடனே தண்டுக்கு அடியில் புகுந்துவிடுவான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு இவன் திரும்ப வரலாம். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். தெருவுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை கேட்கும். அதில் ஒரு குறையும் இல்லை.

சிங்கப்பெருமாள் வீட்டில் மட்டும் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தாத்தா சொன்னதில்லை. அப்பா சொன்னதில்லை. இவரும் சொன்னதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, நகை பேசுவதற்கு முன்னால் இதைத்தான் பேசினார்.

வைகாசி முதல் ஞாயிறு, விடியற்காலையில் ஒத்திகை. வெறும் வாகனத்தில் மணல் மூட்டைகளை ஏற்றி நாலு வீதியும் சுற்றி வருவார்கள். சிங்கப்பெருமாள் சும்மாட்டைத் தோளில் வைத்து மூன்றாவது இடத்தில் நின்றார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தண்டு தோளில் வந்து உட்கார்ந்தது. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

முதல் வீதி சொகுசாகப் போயிற்று. இரண்டாவது வீதியிலும் குறையில்லை. தொடையில் பலம் இருந்தது, மூச்சு சீராக வந்தது. அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை என்று மனசுக்குள் ஒரு நொடி ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது வீதி திருப்பத்தில் இடது தொடை நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் நடந்து வந்த மாற்று ஆள் முகத்தைப் பார்த்தான்.

“அண்ணே, மாத்திக்கவா?”

“போடா அந்தாண்டை.”

இன்னும் இருபது அடி போனார். தண்டு எலும்பில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். திடீரென்று பாரம் குறைந்தது. பஞ்சாக ஆகிவிட்டது. பெருமாளே ஒரு கை கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். மிச்ச வீதியும் அப்படியே மிதந்து வந்தார்.

மண்டபத்தில் வாகனத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால், நாலாவது தோளில் வந்த பத்மநாபன் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது தோள் கன்றிச் சிவந்திருந்தது. தண்ணீர்ச் செம்பை வாங்க அந்தக் கையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. இடது கையால் வாங்கினான்.

“என்னடா ஆச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே,” என்றான் பத்மநாபன்.

தூக்குகிறவர்களுக்கெல்லாம் பெரியவர் அப்பாசாமி. அவர் சிங்கப்பெருமாளைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“மூணாவது வீதியில தண்டு ரெண்டு விரற்கடை இறங்கிச்சு, சிங்கம்.”

“நான் விடலையே.”

“நீ விட்டேன்னு நான் சொல்லல. பலம் நல்லாவே இருக்கு. நான் இவ்வளவு எதிர்பார்க்கல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். முடியலேன்னா ‘தோள்’னு சொல்லுவியா?”

சிங்கப்பெருமாள் தோளிலிருந்த சும்மாட்டை எடுத்து மடித்தார்.

“சொல்லுவேன்னா வெள்ளிக்கிழமை கருட சேவைக்கு வா, உன் இடம் உனக்குத்தான். மாட்டேன்னா நாளைக்குள்ள சொல்லிடு. நான் வேற வீட்டுக்குச் சொல்லி அனுப்பணும்.”

அங்கிருந்து நேராக ஜிம்முக்குப் போனார் சிங்கப்பெருமாள். மாடிப்படியை அதிரவைத்துக்கொண்டு ஏறினார். ஞாயிற்றுக்கிழமை, ஜிம்மில் ஆளில்லை. மாஸ்டர் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாலு மாசமா என்ன சொல்லிக் கொடுத்தே நீ? உட்காரச் சொன்னே, உட்கார்ந்தேன். தின்னச் சொன்னே, தின்னேன். கடைசியில மூணு வீதிக்குத்தான் கால் வருது!”

“நாலு மாசத்துக்கு முன்னால இந்தப் படிக்கே வரலைங்களே.”

“அந்தக் கதையெல்லாம் வேண்டாம். இன்னும் அஞ்சு நாள் இருக்கு. நாலு வீதியும் ஒரே மூச்சுல போற மாதிரி செஞ்சு விடு.”

“அஞ்சு நாள்ல ஆகாதுங்க.”

“அப்ப அந்த வார்த்தையை நான் சொல்லணுமா?”

எந்த வார்த்தை என்று மாஸ்டர் கேட்டார். சிங்கப்பெருமாள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். ஒத்திகை, இருபது அடி, பாரம் குறைந்தது, பத்மநாபனின் கை, அப்பாசாமி சொன்னது, ஒன்றையும் விடவில்லை.

மாஸ்டர் துணியைக் கீழே வைத்தார். கம்பியில் எடை மாட்டினார். வழக்கமான ஐம்பதுக்கு மேல் இன்னும் ஐந்து கிலோ.

“வாங்க. ஒரே ஒரு தடவை.”

சிங்கப்பெருமாள் கம்பியைத் தோளில் வாங்கினார். மாஸ்டர் அவருக்குப் பின்னால் போய் நின்றார். கைகள் கம்பிக்கு அடியில் இருந்தன, ஆனால் தொடவில்லை.

ஐந்து எண்ணி உட்கார்ந்தார். எழுந்தார். பாதிவரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. காலையில் நாலு வீதி நடந்த தொடை இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. கழுத்து நரம்பு புடைத்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. ஆள் அந்தரத்தில் நின்றார்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“என்னம்மா பார்த்துக்கிட்டு நிக்கிற!”

“நீங்க ஒண்ணும் சொல்லலைங்களே.”

இன்னும் நாலு மூச்சு தாக்குப்பிடித்தார். முழங்கால் மடிய ஆரம்பித்தது.

“பிடி! பிடி!”

மாஸ்டர் பிடித்தார். ஒவ்வொரு கையிலும் இரண்டு விரல், அவ்வளவுதான். கம்பி எழுந்தது. சிங்கப்பெருமாளும் எழுந்தார். கம்பியைக் கொக்கியில் மாட்டிவிட்டு பெஞ்சில் போய் விழுந்தார். மூச்சு வந்ததும் கோபமும் வந்துவிட்டது.

“முதல்லயே பிடிக்க வேண்டியதுதானே! நான் தவிக்கிறது தெரியல? என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுமே!”

“நான் பின்னால நின்னேங்க. மூஞ்சி தெரியாது.”

“பேசத் தெரியுது நல்லா.” துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “உனக்கு இது வெறும் இரும்பும்மா. எங்களுக்கு அப்படி இல்ல. எங்கப்பா அறுபது வயசு வரைக்கும் தூக்கினாரு. கடைசி வருஷம் கால்ல நீர் கோத்துக்கிட்டு, நடக்கவே சிரமப்பட்டாரு. அப்பவும் நாலு வீதி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்ததில்ல. அவர் தூக்கின இடத்துல நின்னுக்கிட்டு நான் அதைச் சொல்றதா?”

மாஸ்டர் கம்பியிலிருந்து எடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அவருக்குப் பின்னால யாருங்க நின்னது?”

“நான்தான்.” பதில் உடனே வந்தது. “நாலாவது தோள்காரர் பட்டாளத்துக்குப் போயிட்டாரு. அப்பாவோட கடைசி அஞ்சு வருஷமும் பின்னால நான்தான் நின்னேன்.”

மாஸ்டர் கடைசி எடையையும் கழற்றிக் கீழே வைத்தார்.

“கனமா இருந்துச்சுங்களா?”

சிங்கப்பெருமாளின் இடது கை தானாக வலது தோளைத் தடவியது, பத்மநாபனுக்குக் கன்றியிருந்த அதே இடத்தை.